சென்ட் வாசனை நாள் முழுவதும் நிற்க வேண்டுமென்றால்

காலையில் குளித்து முடித்து அடித்த சென்ட், பத்து மணிக்குள் காணாமல் போய்விடுகிறது என்பது பலருடைய குறை. அடித்த உடனேகூட வாசனை பெரிதாகத் தெரியவில்லை, பக்கத்தில் நிற்பவர் கவனிக்கவே இல்லை என்பது இன்னொரு குறை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அதிக நேரம் நிற்கும், அதே சமயம் பலமாக வீசும் ஒரு பாட்டிலைக் கடைக்காரரிடம் கேட்கிறோம். ஆனால் இந்த இரண்டு ஆசைகளும் இயல்பாகவே எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. அது ஏன் என்று புரிந்துகொண்டால், சென்ட்டை எங்கே, எவ்வளவு, எப்போது பூசுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் தானாகவே கிடைத்துவிடும்.

நம் மூக்கை எட்டும் எந்த வாசனையும், அது இருந்த இடத்தைவிட்டு ஏற்கெனவே கிளம்பிவிட்ட மூலக்கூறுகள்தான். தோலில் ஒட்டியிருக்கும் சென்ட்டுக்கு வாசனை இல்லை. அதிலிருந்து ஆவியாகிக் காற்றில் கலந்த பகுதிக்கு மட்டுமே வாசனை உண்டு. பூஜை அலமாரியில் திறந்து வைத்த கற்பூரக் கட்டி சில நாட்களில் கரைந்து மறைவதும், அதுவரை அறையெல்லாம் மணப்பதும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு முகங்கள். (கற்பூர டப்பாவில் நாலு மிளகு போட்டு வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. கற்பூரத்தைக் காப்பாற்றுவதில் மிளகைவிட இறுக்கமான மூடிக்கே பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.) ஆக, வாசனை பலமாக வீச வேண்டுமென்றால் மூலக்கூறுகள் வேகமாக வெளியேற வேண்டும், நீண்ட நேரம் நிற்க வேண்டுமென்றால் அவை மெதுவாக வெளியேற வேண்டும். கையிருப்பு ஒன்றுதான். அதை எந்த வேகத்தில் செலவழிப்பது என்பதுதான் கேள்வி.

ஒரு சென்ட் பாட்டிலுக்குள் இருப்பது ஒரே பொருள் அன்று. பல பத்துப் பொருட்களின் கலவை. ஒவ்வொன்றும் தன் வேகத்தில் ஆவியாகிறது. எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமாட் போன்றவற்றின் மணத்தில் பெரும்பங்கு வகிக்கும் லிமோனீன் சிறிய, இலேசான மூலக்கூறு. அதன் மூலக்கூறு எடை 136. தோலில் பட்ட சில நிமிடங்களிலேயே அது கிளம்பத் தொடங்கிவிடும். ரோஜா, மல்லிகை, லாவெண்டர் வகை மணங்கள் பெரும்பாலும் நடுவில் வருபவை. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று தாக்குப்பிடிக்கும். சந்தனத்தின் மணத்துக்குக் காரணமான சான்டலாலின் எடை 220. வெட்டிவேர், பச்சோலி என்ற நறுமண இலை, கஸ்தூரி வாசனை தரும் செயற்கைப் பொருட்கள் ஆகியவையும் இந்தக் கனமான கூட்டத்தைச் சேர்ந்தவை. இவை மணிக்கணக்கில் நிற்கும். துணியில் பட்டால் நாட்கணக்கிலும் நிற்கும். எடையே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுவதில்லை. வெனிலாவின் மணப்பொருளான வெனிலின் கற்பூரத்தின் எடையே உடையது என்றாலும், அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்வதால் மிக மெதுவாகவே ஆவியாகிறது.

கடையில் காகிதப் பட்டையில் அடித்து முகர்ந்து பார்த்தவுடன் வாங்கிவிடுவது ஏன் சரியான முறை அன்று என்பது இதிலிருந்து விளங்கும். முதல் ஒரு நிமிடத்தில் நமக்குத் தெரிவது ஆல்கஹாலின் காரமும், அதன் முதுகில் ஏறிவரும் எலுமிச்சைக் கூட்டமும்தான். நாள் முழுவதும் நம்மோடு இருக்கப்போகிற வாசனை அப்போது இன்னும் வெளியே வரவில்லை. ஒரு காகிதப் பட்டையிலும் ஒரு மணிக்கட்டிலும் அடித்துக்கொண்டு கடையைவிட்டு வெளியே வந்து, பத்து நிமிடம் கழித்தும், ஒரு மணி நேரம் கழித்தும், சாயங்காலமும் முகர்ந்து பார்ப்பதே நல்ல சோதனை. காகிதம் தோலைவிடக் குளிர்ச்சியாக இருப்பதால் அதில் எல்லாமே தாமதமாக நடக்கும். காகிதத்தில் மறுநாள் காலையிலும் மணக்கும் ஒரு சென்ட், மணிக்கட்டில் மதியத்தோடு நின்றுவிடலாம். அந்த வித்தியாசமே நம் தோலைப் பற்றிச் சொல்லும் செய்தி.

பாட்டிலின் மேல் உள்ள பெயர்களுக்கு வருவோம். ஓ த கொலோன் என்றால் நறுமண எண்ணெய் சுமார் 2 முதல் 5 சதவீதம், ஓ த துவாலெட் என்றால் 5 முதல் 15, ஓ த பர்ஃபம் என்றால் 15 முதல் 20, பர்ஃபம் என்றால் 20-க்கு மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மீதி பெரும்பாலும் ஆல்கஹால். இவை தொழிலில் வழங்கிவரும் வழக்கங்களே. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி சற்றே கூட்டியும் குறைத்தும் கலக்கிறது. தவிரவும், ஒரே பெயரில் வரும் துவாலெட்டும் பர்ஃபமும் ஒரே கலவையின் நீர்த்த, கெட்டியான வடிவங்களாக இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. பல நேரங்களில் இரண்டுக்கும் தனித்தனிக் கலவை. எனவே பெயரை மட்டும் நம்பி அதிக விலை கொடுப்பதைவிட, கலவையில் எந்தப் பொருட்கள் இருக்கின்றன என்று பார்ப்பது மேல்.

இலேசான மணத்தை அதிகமாக அடித்து ஏன் நிலைக்க வைக்க முடியாது என்பதை ஓர் எளிய கணக்கில் பார்க்கலாம். ஒரு மணப்பொருள் தோலில் மணிக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை அடித்தால் 16 பங்கு படிகிறது. ஒரு பங்குக்குக் கீழே போனால் மூக்குக்குத் தெரியாது. 16 எட்டாகி, நான்காகி, இரண்டாகி, ஒன்றாக நான்கு மணி நேரம் ஆகும். இப்போது இரண்டு மடங்காக அடித்தால் 32 பங்கு. அது ஒன்றாக ஐந்து மணி நேரம். செலவு இரட்டிப்பானது, கிடைத்தது ஒரே ஒரு மணி நேரம். மாறாக, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டுமே பாதியாகும் கனமான பொருளாக இருந்தால், அதே 16 பங்கு பன்னிரண்டு மணி நேரம் வரும். உண்மையில் தோலின் மேல் நடப்பது இவ்வளவு சீரானதல்ல என்றாலும், போக்கு இதுதான். அதுமட்டுமன்றி, காற்றில் வாசனை இரண்டு மடங்கானால் மூக்குக்கு அது இரண்டு மடங்காகத் தோன்றுவதும் இல்லை. கொஞ்சம் கூடியதாகவே படும். ஆக, பத்து முறை அடிப்பவர் முதல் அரை மணி நேரத்துக்குப் பக்கத்தில் இருப்பவரைத் திணறடிக்கிறாரே தவிர, மாலை வரை மணப்பதில்லை.

அப்படியென்றால் பலமும் நிலைப்பும் சேர்ந்து வரவே வராதா என்றால், ஒரு வழி இருக்கிறது. சில பொருட்களை மூக்கு மிகச் சிறிய அளவிலேயே கண்டுபிடித்துவிடும். ரோஜாவின் மணத்தில் அளவில் மிகக் குறைவாக இருந்தும் அதன் தன்மையையே தீர்மானிக்கும் டமாஸ்கினோன், திமிங்கில அம்பரின் மணத்தை ஒத்த ஆம்பிராக்ஸான், மேலே சொன்ன வெனிலின் ஆகியவை இந்த வகை. இவை மெதுவாகவே வெளியேறினாலும், வெளியேறும் அந்தத் துளியே போதும் என்று மூக்கு எடுத்துக்கொள்கிறது. நிற்கவும் வேண்டும், வீசவும் வேண்டும் என்பவர்கள் இத்தகைய பொருட்களை அடித்தளமாகக் கொண்ட வாசனைகளைத் தேட வேண்டும்: அம்பர், வெனிலா, பச்சோலி, அகில், சந்தனம், பிசின் வகைகள். எலுமிச்சையும் கடல் காற்றும் மணக்கும் ‘ஃப்ரெஷ்’ வகைகளை விரும்புபவர்கள், அவை சீக்கிரம் போவதைக் குறையாகக் கருதாமல், சிறு ஸ்ப்ரே குப்பியில் ஊற்றிக் கையோடு எடுத்துச் சென்று மதியம் ஒருமுறை அடித்துக்கொள்வதுதான் நேர்மையான தீர்வு. வேறு எந்தத் தந்திரமும் லிமோனீனை மாலை வரை நிறுத்தி வைக்காது.

கனமான பொருட்கள் தாங்கள் நிற்பதோடு, இலேசானவை வெளியேறுவதையும் கொஞ்சம் தாமதப்படுத்துகின்றன. இவற்றைத் தொழிலில் ‘ஃபிக்ஸேட்டிவ்’ என்பார்கள். நம் நாட்டு அத்தர்கள் இந்த அறிவின் மேல் எழுந்தவையே. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் ரோஜா போன்ற பூக்களைச் செம்புப் பாத்திரத்தில் வாலை வடித்து, வரும் ஆவியை மரபுப்படி சந்தன எண்ணெயிலேயே பிடிப்பார்கள். தானாக நின்றால் பறந்துவிடும் பூவின் மணம் சந்தனத்தில் தங்கிவிடுகிறது. சாம்பிராணி என்று நாம் அழைக்கும் பென்சாயின் பிசினையும் மேலைநாட்டு வாசனைக் கலைஞர்கள் இதே வேலைக்குத்தான் பயன்படுத்துகிறார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த பின் ஈரக் கூந்தலைச் சாம்பிராணிப் புகையில் காட்டி உலர்த்தினால் மறுநாள் வரை தலையில் மணம் இருப்பதற்கு அந்தப் பிசினின் கனமே காரணம். புனுகும் கஸ்தூரியும் ஒருகாலத்தில் இதற்காகவே தேடப்பட்டன. இன்று கஸ்தூரி மான் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. சந்தையில் கஸ்தூரி வாசனை என்று கிடைப்பது அநேகமாக எல்லாமே ஆய்வகத்தில் செய்தது.

அத்தருக்கும் ஸ்ப்ரேக்கும் உள்ள வேறுபாடும் இதே கணக்குதான். ஆல்கஹால் தோலில் பட்டதும் ஒரு நிமிடத்துக்குள் பறந்துபோகிறது. போகும்போது மணத்தைச் சுற்றிலும் வீசிவிட்டுப் போகிறது. அத்தரில் அந்தத் தள்ளுவிசை இல்லை. எண்ணெய் உடலோடு ஒட்டிக்கொண்டு மெதுவாக மணக்கும். அருகில் வருபவருக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு அத்தரே சிறந்தது. ஜவ்வாதுப் பொடியும் ஏறத்தாழ அப்படித்தான்; காதுக்குப் பின்னால் ஒரு விரல் நுனி அளவு தடவினால் சட்டென்று வீசாது, ஆனால் நிற்கும்.

இனி தோல். வறண்ட தோலில் சென்ட் நிற்காது என்பது அனுபவத்தில் பலர் கண்டது, அதற்குக் காரணமும் உண்டு. நறுமணப் பொருட்கள் எண்ணெயில் கரைபவை. தோலில் எண்ணெய்ப் பசை இருந்தால் அதில் கரைந்து தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். பசை இல்லாவிட்டால் பிடித்துக்கொள்ள இடமின்றிப் பறந்துவிடும். எனவே குளித்துத் துவட்டியதும், வாசனை சேர்க்காத லோஷனையோ மிகச் சிறிதளவு வாசலைனையோ சென்ட் அடிக்கப்போகிற இடத்தில் தடவி, அது தோலில் ஊறிய பின் அடிப்பது, செலவே இல்லாமல் நிலைப்பைக் கூட்டும் வழிகளில் முதலாவது. தேங்காய் எண்ணெயும் அந்த வேலையைச் செய்யும் என்றாலும், அதற்கென்று ஒரு மணம் இருக்கிறது. ஆரஞ்சுப் பூ வாசனையும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அடிப்பவரே முடிவுசெய்துகொள்ளட்டும். அழுத்தமான வாசனை உள்ள சோப்பு, பவுடர், பாடி ஸ்ப்ரே எல்லாம் போட்டுவிட்டு அதன்மேல் விலையுயர்ந்த சென்ட் அடிப்பதும் இதே போன்ற குழப்பம்தான்.

கழுத்து, மணிக்கட்டு, காதுக்குப் பின்புறம் என்று நாடி துடிக்கும் இடங்களில் அடிக்கச் சொல்வார்கள். அங்கே தோல் வெதுவெதுப்பாக இருக்கும். சூடு ஆவியாதலை விரைவுபடுத்தும். எனவே வாசனை நன்றாக வீசும். இந்த அறிவுரையைச் சொல்பவர்கள் அதன் மறுபாதியைச் சொல்வதில்லை: அதே சூட்டினால் அங்கே சென்ட் சீக்கிரம் தீர்ந்தும் போகும். குளிர்நாடுகளில் இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. மே மாதச் சென்னையிலோ மதுரையிலோ, வெயிலில் பேருந்துக்காக நிற்கும் கழுத்து ஏற்கெனவே போதுமான சூட்டோடுதான் இருக்கிறது. அதன்மேல் வியர்வை வேறு வழிந்து சென்ட்டைக் கழுவிக்கொண்டு போகிறது. மணிக்கட்டும் நம் ஊரில் நல்ல இடமன்று. கை கழுவுவது, சாப்பிடுவது, கடிகாரப் பட்டை உரசுவது என்று நாளெல்லாம் அதற்கு வேலை. சட்டைக்குள் மார்பு, கழுத்தின் பின்புறத் தலைமுடியோரம், முழங்கையின் உள்மடிப்பு ஆகியவை மேலானவை. உடலின் சூட்டில் மேலெழும் காற்று, மார்பிலிருந்து சட்டைக் காலர் வழியாக வாசனையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவரும். துணியின் மறைவில் இருப்பதால் காற்றும் வெயிலும் நேரடியாகப் படாது.

மணிக்கட்டில் அடித்துவிட்டு இரண்டு கைகளையும் சேர்த்துத் தேய்க்கும் பழக்கம் எல்லோரிடமும் இருக்கிறது. தேய்த்தால் மூலக்கூறுகள் நசுங்கிவிடும் என்று சொல்வது வெறும் கதை. தேய்ப்பதால் சூடு ஏறி, படலம் மெலிதாகப் பரவி, முதலில் வரும் இலேசான மணங்கள் இன்னும் வேகமாகப் போய்விடும் என்பது மட்டுமே உண்மை. அடித்துவிட்டுச் சும்மா விட்டால் தானாகவே உலர்ந்துவிடும். காற்றில் அடித்துவிட்டு அதன் நடுவே நடந்து போவது விளம்பரப் படங்களுக்கு அழகு. பாட்டிலில் பெரும்பகுதி தரைக்குத்தான் போகும். ஒரு சாண் தூரத்திலிருந்து நேராகத் தோலில் அடிப்பதே சிக்கனம். ஒரு அழுத்தத்தில் ஏறத்தாழ 0.1 மில்லி வெளிவரும் என்றால், 50 மில்லி பாட்டிலில் சுமார் 500 அழுத்தங்கள் இருக்கின்றன.

நம் தட்பவெப்பத்தில் தோலைவிடத் துணியே நம்பகமானது என்று நான் நினைக்கிறேன். துணி உடலைவிடக் குளிர்ச்சியானது. வியர்வை அவ்வளவாகப் படாத ஓரங்களும் அதில் உண்டு. இழைகள் மணத்தை உள்வாங்கி வைத்துக்கொள்ளும். பருத்திச் சட்டையின் உள்மடிப்பிலோ துப்பட்டாவின் ஓரத்திலோ ஒரு முறை அடித்தால், தோலில் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துபோகிற அதே சென்ட் அடுத்த நாளும் மணக்கும். ஆனால் துணியில் வாசனை உடம்புச் சூட்டில் மலர்வதுபோல் மலராது. கொஞ்சம் தட்டையாகத் தெரியும். அதனால் தோலில் இரண்டு, துணியில் ஒன்று என்று பிரித்து அடிப்பது நல்லது. பட்டுப்புடவையிலும், ஜரிகையிலும், வெளிர்நிறத் துணியிலும் நேராக அடிக்கவே கூடாது. எண்ணெயும் நிறமும் கறையாகப் படிந்துவிடும். அத்தரைத் துணியில் நேராகத் தடவுவதும் அப்படியே. பஞ்சில் நனைத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு உதவும். தலைமுடியும் மணத்தை நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஆல்கஹால் முடியை வறட்டும். சீப்பில் ஒருமுறை அடித்து, ஆல்கஹால் பறந்த பின் வாரிக்கொள்ளலாம்.

தலையில் சூடிய மல்லிகைச் சரம் மாலையிலிருந்து இரவு வரை மணக்கிறதே, மல்லிகை சென்ட் ஏன் அப்படி மணப்பதில்லை என்று கேட்கத் தோன்றும். மொட்டாகப் பறித்த மல்லிகை சரத்தில் இருக்கும்போதே விரிந்து, மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. பாட்டிலில் இருப்பதோ முடிந்துபோன கையிருப்பு. சத்தியமங்கலத்திலும் கோவை, திண்டுக்கல் பக்கங்களிலும் உள்ள ஆலைகள் கரைப்பான்கள் கொண்டு மல்லிகையிலிருந்து எடுக்கும் சாறு உலகின் பெரிய வாசனை நிறுவனங்களுக்குப் போகிறது. அங்கே அதை நிலைக்க வைப்பதற்கு மீண்டும் சந்தனமும் கஸ்தூரி வகைகளும்தான் துணைக்கு வரவேண்டியிருக்கிறது.

சென்ட் போய்விட்டது என்று நாம் நினைக்கும் பல சமயங்களில் அது போயிருக்காது. நம் மூக்குதான் அதைக் கவனிப்பதை நிறுத்தியிருக்கும். ஒரே வாசனை விடாமல் வந்துகொண்டிருந்தால், சில நிமிடங்களிலேயே மூக்கும் மூளையும் அதைப் பின்னணியாக ஒதுக்கிவிடுகின்றன. பூக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்குப் பூவாசனை தெரியாததும் இதனால்தான். கழுத்தில் அடித்துக்கொள்பவர்களுக்கு இது விரைவில் நடக்கிறது, ஏனெனில் வாசனை நேராக மூக்குக்குக் கீழேயே இருக்கிறது. தனக்குத் தெரியவில்லை என்று மறுபடி மறுபடி அடித்துக்கொண்டு லிஃப்ட்டில் ஏறுபவரை நாம் எல்லோரும் சந்தித்திருப்போம். அவருடைய சென்ட்டில் குறை ஒன்றும் இல்லை. சந்தேகம் வந்தால் பத்து நிமிடம் வெளிக்காற்றில் நடந்துவிட்டு வந்து முகர்ந்து பார்க்கலாம். அல்லது வீட்டிலிருப்பவரிடம் கேட்கலாம். இன்னொரு விந்தையும் உண்டு. மனிதர்களுக்கு ஏறத்தாழ 400 வகை மண உணர்விகள் இருக்கின்றன. இந்த உணர்விகளைக் கண்டறிந்ததற்காகவே ரிச்சர்ட் ஆக்ஸலும் லிண்டா பக்கும் 2004-இல் நோபல் பரிசு பெற்றனர். எல்லோரிடமும் எல்லா உணர்வியும் ஒரேபோல் வேலை செய்வதில்லை. சில செயற்கைக் கஸ்தூரிப் பொருட்கள் சிலருக்கு அறவே மணக்காது. ஒருவர் நிற்கவேயில்லை என்று ஒதுக்கும் சென்ட்டை இன்னொருவர் அபாரம் என்று புகழ்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏ.சி. அலுவலகத்தில் கணக்கு மாறுகிறது. குளிரில் ஆவியாதல் குறைவதால் வீச்சு குறையும், ஆனால் மூடிய அறைக்குள் அதே காற்றே சுற்றிவருவதால் மற்றவர்களுக்கு அது சேர்ந்துகொண்டே போகும். தலைவலி, ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்து இருக்கையில் இருக்கலாம். அலுவலக நாட்களில் தோலில் இரண்டுக்கு மேல் வேண்டாம் என்பேன்.

எச்சரிக்கைகளில் முக்கியமானவை சில. ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி அருகில் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது, அடித்த துணி உலர்வதற்கு முன் விளக்கேற்றவும் போகக் கூடாது. புதிய சென்ட் என்றால் முழங்கையின் உட்புறம் ஒரு துளி தடவி, ஒரு நாள் பொறுத்திருந்து அரிப்போ சிவப்போ வருகிறதா என்று பார்ப்பது நல்லது. பெர்கமாட், எலுமிச்சை எண்ணெய்களில் உள்ள சில பொருட்கள் வெயிலோடு சேர்ந்து தோலில் கருந்திட்டுகளை உண்டாக்கக்கூடியவை. பெரிய நிறுவனங்கள் அவற்றை நீக்கியோ குறைத்தோதான் பயன்படுத்துகின்றன. ஆனால் வீட்டிலேயே எண்ணெய் வாங்கிக் கலந்து பூசிக்கொள்பவர்கள் வெயில் படும் இடத்தில் தவிர்க்க வேண்டும்.

கடைசியாகப் பாட்டில். வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் சென்ட்டைக் கெடுக்கும். முதலில் கெடுவது எலுமிச்சை வகை எண்ணெய்கள். ஜன்னலோரக் கண்ணாடி மேசை, குளியலறை அலமாரி, வெயிலில் நிற்கும் கார் ஆகியவை மோசமான இடங்கள். துணி பீரோவின் அடித்தட்டு, அதுவும் வாங்கிய அட்டைப்பெட்டிக்குள்ளேயே வைப்பது போதுமானது. குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை. வெனிலா கலந்த சென்ட் நாளாக ஆகப் பழுப்பு நிறமாக மாறுவது இயல்பு. நிறத்தைப் பார்த்துத் தூக்கி எறிய வேண்டாம். காகிதத்தில் ஒருமுறை அடித்துப் பார்த்து, முதல் நிமிடத்தில் வரும் புளித்த, வார்னிஷ் போன்ற வாடை பத்து நிமிடத்துக்குப் பிறகும் போகாமல் நின்றால்தான் அது கெட்டுவிட்டது என்று கொள்ள வேண்டும்.